கழுவினால் போகிற பெயின்ட் எது? பெயின்ட்பால் களம் நடத்துபவர்களுக்கான கேள்வி பதில்

பெயின்ட் நிரப்பிய குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு, பெயின்ட் பட்டவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் விளையாட்டுதான் பெயின்ட்பால். அதற்கான களம் ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு குழாயும் பிரஷ்ஷுமாக நிற்பது நான்தான். அதனால் குண்டு வாங்கும்போது அது எப்படிப் பறக்கும் என்று பார்ப்பதோடு, எப்படிக் கழுவப்படும் என்றும் பார்ப்பேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, புதிதாகக் களம் தொடங்குகிறோம். எந்தப் பெட்டியை எடுத்தாலும் ‘தண்ணீரில் கரையும்’ என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. அந்த வரி பொய்யில்லை, ஆனால் அது பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

குண்டின் ஓடு ஜெலட்டின். மீன் எண்ணெய் மாத்திரையை விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்களே, அதே பொருள், அதே மாதிரி இயந்திரத்தில் செய்வது. ஜெலட்டின் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும் என்பதால் உள்ளே தண்ணீரை ஊற்ற முடியாது. அதற்குப் பதிலாகத்தான் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவத்தை நிரப்புகிறார்கள். அது ஓட்டைக் கரைக்காது, ஆனால் வெளியே வந்து தண்ணீரோடு சேர்ந்தால் சுலபமாகக் கலந்து ஓடிவிடும். பெட்டியில் ‘கரையும்’ என்று சொல்வது இந்தத் திரவத்தை.

கறையைத் தீர்மானிப்பது அதில் கலந்திருக்கும் நிறம். நிறம் இரண்டு வகை. ஒன்று கரைந்து நிற்கும் சாயம். அது திரவம் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்: மரத்தின் நாருக்குள், துணியின் நூலுக்குள், சிமென்ட்டின் துளைக்குள். திரவத்தைக் கழுவிவிடலாம், சாயம் அங்கேயே தங்கிவிடும். இன்னொன்று நுண்ணிய தூளாக மிதக்கும் நிறமி. அது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும், தேய்த்தால் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது நிறமி அதிகமாகவும் சாயம் குறைவாகவும் உள்ள பெயின்ட்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு குண்டை வெள்ளைப் பருத்தித் துணியில் உடையுங்கள். ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கூழ் அப்படியே இருக்க, அதைத் தாண்டி ஒரு நிற வளையம் மட்டும் பரவிக்கொண்டே போனால் அது சாயம். அந்த வளையம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கறை உங்கள் களத்தில் வரும்.

கேள்வி: எந்த நிறம் நல்லது? வாடிக்கையாளர்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிறார்கள்.

மஞ்சளும் வெள்ளையும் என் முதல் தேர்வு. பச்சைக் களத்திலும் கருப்பு உடையிலும் மஞ்சள் நன்றாகத் தெரியும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. சிவப்பும் ரோஸும் வேண்டவே வேண்டாம். அவைதான் அதிகமாகக் கறை பிடிப்பவை. அதைவிட முக்கியமான காரணம், அடிபட்டு ரத்தம் வருகிறதா பெயின்ட்டா என்று நடுவருக்கு ஒரு நொடியில் தெரிய வேண்டும். பல களங்களில் சிவப்பைத் தடை செய்திருப்பது இதற்காகத்தான்.

ஓட்டின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெளியே நீலமாக இருக்கும் குண்டுக்குள் ஆரஞ்சு இருக்கலாம். உடைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: பெட்டி பெட்டியாக வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பெட்டியில் வழக்கமாக 2,000 குண்டுகள். நிறைய வாங்கினால் விலை குறையும் என்று ஒரேயடியாகப் பல பெட்டிகள் வாங்கி, முதல் வாரமே தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி மாட்டினேன். அடர் நீலப் பெயின்ட். கழுவுவதை மறுநாள், மறுநாள் என்று தள்ளிப்போட்டதில் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. வெளிர் சாம்பல் நிறக் காற்று பங்கர்களின் (ஆட்டக்காரர்கள் மறைந்து நிற்கும் காற்றடைத்த தடுப்புகள்) தையல் ஓரமெல்லாம் நீலக் கோடு. அதை எடுக்க நான்கு நாள் ஆனது, அப்போதும் முழுதாகப் போகவில்லை.

இப்போது செய்வது இதுதான். களத்தில் உண்மையில் இருக்கும் பொருள்களிலிருந்து துண்டுகள் எடுத்துக்கொள்கிறேன்: பங்கர் ஒட்டுப்போடும் வினைல், பெயின்ட் அடித்த ப்ளைவுட், செயற்கைப் புல், வாடகை உடையின் துணி. ஒவ்வொன்றிலும் மூன்று குண்டுகளைத் தள்ளித் தள்ளி உடைத்து வெயிலில் வைக்கிறேன். முதல் அடையாளத்தை ஒரு மணி நேரத்தில், இரண்டாவதை மறுநாள், மூன்றாவதை நான்காம் நாள் கழுவுகிறேன். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம்தான் சோப்பு. மறுநாள் வெறும் தண்ணீரில் போகிற பெயின்ட் உங்களுக்குப் போதும். நான்காம் நாளும் போனால் அதை விடாதீர்கள்.

சோதிக்கும் குண்டைக் கையால் நசுக்காமல் மார்க்கரில், அதாவது குண்டு சுடும் துப்பாக்கியில், சுட்டே உடையுங்கள். கையால் நசுக்கினால் ஒரே இடத்தில் குவியலாக இருக்கும். சுடும்போது மெல்லிய படலமாகத் தெறித்துச் சீக்கிரம் காய்ந்துவிடும். களத்தில் நீங்கள் கழுவப்போவது அந்தப் படலத்தைத்தான்.

கேள்வி: சுலபமாகப் போகிற பெயின்ட் வாங்கினோம். இப்போது அடிபட்டவர்கள் சட்டைக் கையால் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். சண்டை வருகிறது.

நியாயமான புகார். நீர்த்த பெயின்ட் துடைப்பவருக்கும் வசதி, கழுவுபவருக்கும் வசதி. நடுவழி உண்டு. கூழ் போலக் கெட்டியாக்கிய பெயின்ட் உலர்ந்த கையால் துடைத்தால் இழுசிக்கொண்டு இன்னும் பெரிதாகத் தெரியும், தண்ணீர் பட்டால் மட்டும் விடும். கெட்டியாக்க மாவுப் பொருள் சேர்த்திருந்தால் தொல்லையில்லை. மெழுகு அதிகமாக இருந்தால் கழுவிய பிறகும் வழவழப்பு நிற்கும். கட்டைவிரலில் கொஞ்சம் தடவி, குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் மெழுகு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காற்று பங்கர்களுக்கு ஹை பிரஷர் வாஷர் அடிக்கலாமா?

அடிக்கலாம், விசிறி போல் பரவும் முனையை மாட்டிக்கொண்டு, நன்றாகத் தள்ளி நின்று. ஊசி போல் பாயும் முனை தையலைப் பிரித்துவிடும். தையலைப் பிரஷ்ஷால் கையாலேயே செய்யுங்கள்.

ப்ளீச் ஊற்றாதீர்கள். வினைலும் தையல் நூலும் நாளடைவில் உளுத்துப்போகும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பானோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும், இது விளையாட்டான விஷயமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். வெதுவெதுப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஜெலட்டின் குளிர்ந்த தண்ணீரில் ஊறி வீங்குமே தவிர எளிதில் கரையாது, சூடு பட்டால்தான் கரையும். ஒட்டிக்கொண்ட ஓட்டுத் துணுக்குகளுக்கு அதுதான் வழி.

கேள்வி: எங்களுடையது உள்ளரங்கு, செயற்கைப் புல். ஒரு மாதத்திலேயே வழுக்குகிறது, நாற்றமும் வருகிறது. பெயின்ட்டை மாற்ற வேண்டுமா?

மாற்றினால் கொஞ்சம் குறையும். ஆனால் உங்கள் பிரச்சினையில் பெரும் பங்கு ஓட்டுக்கு.

வெளியே இருக்கும் களத்துக்கு மழையும் வெயிலும் இலவச உதவி. மழை கழுவும், வெயில் பல சாயங்களை வெளுக்கும். உள்ளரங்கில் இரண்டும் கிடையாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் தண்ணீரைப் போல ஆவியாகிப் போகாது. எடுத்தால்தான் போகும். அது புல்லின் அடியில் சேர்ந்து வழுக்குகிறது. உடையாமல் விழுந்த குண்டுகள் ஈரத்தை உறிஞ்சி வீங்கி, காலடியில் நசுங்கி, அடியில் இருக்கும் மணலோடு பசையாகிவிடும். நாற்றம் அந்த ஜெலட்டின் அழுகுவதால் வருவது.

ஆகவே உள்ளரங்குக்குக் குண்டு வாங்கும்போது மெல்லிய, உடனே உடையும் ஓட்டைத் தேடுங்கள். பட்டும் உடையாமல் தெறித்துப் போகிற குண்டு உடைந்த குண்டைவிட அதிக வேலை வைக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் உடையாத குண்டுகளையும் பெரிய ஓடுகளையும் பெருக்கி எடுங்கள், தண்ணீர் விடுவதற்கு முன்பே. தண்ணீர் விட்ட பிறகு அவை புல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உறிஞ்சும் இயந்திரத்தால் கழுவிய நீரையும் சேர்த்து எடுங்கள். வெறுமனே குழாய் அடித்தால் எல்லாம் அடிக்குத்தான் இறங்கும்.

பெருக்கி எடுத்த குண்டுகளை மறுபடி சுட யாரையும் விடாதீர்கள். வீங்கியது குழலில் மாட்டும், ஒட்டியிருக்கும் மணல் குழலைக் கீறும்.

கேள்வி: 0.68 அங்குல விட்டமுள்ள குண்டுக்குப் பதில் 0.50 அங்குலக் குண்டு வாங்கினால் சுத்தம் செய்வது குறையுமா?

ஒரு குண்டுக்குள் இருக்கும் பெயின்ட் பாதிக்கும் குறைவு, அதனால் ஒவ்வொரு அடையாளமும் சிறியது. சிறுவர்கள் விளையாடும் உள்ளரங்குக்கு நல்லது, அடியும் மெதுவாகப் படும். ஆனால் மார்க்கரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சுத்தத்துக்காக மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ப்ளைவுட் சுவர்களுக்கு நாம் என்ன அடிக்கலாம்? அதுவும் பெயின்ட்தானே!

நல்ல கேள்வி, பலரும் மறந்துவிடுவது. எதுவும் அடிக்காத வெறும் மரத்தில் எந்தக் குண்டு பட்டாலும் கறைதான். முதலில் ப்ரைமர், அதன் மேல் வெளிப்புறத்துக்கான பளபளப்பான அக்ரிலிக் இரண்டு கை. பளபளப்பில்லாத மேட் வகை வேண்டாம், அதன் சொரசொரப்பில் நிறம் உட்கார்ந்துகொள்ளும். ப்ளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு இன்னும் ஒரு கை கூடுதலாக அடியுங்கள், ஈரமும் சாயமும் அங்கிருந்துதான் உள்ளே போகும். அடிக்கும் நிறம் குண்டின் நிறத்துக்கு நெருக்கமாக இருந்தால் மிச்சம் மீதி கண்ணை உறுத்தாது. சிமென்ட் தரைக்குத் துளைகளை அடைக்கும் சீலர்.

கேள்வி: பழைய இருப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். நாள்பட்ட குண்டில் நிறமி அடியில் படிந்து, மேலே சாயத் தண்ணீர் மட்டும் நிற்கும். அடையாளமும் சரியாகத் தெரியாது, கறையும் கூடும். ஈரத்தில் கிடந்தது உப்பி மெத்தென்று இருக்கும், குளிரில் கிடந்தது குழலுக்குள்ளேயே உடையும். நல்ல இருப்பையும் மிதமான அறைச் சூட்டில், ஈரமில்லாத இடத்தில், பையைக் கட்டி வையுங்கள். அவ்வப்போது பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: என் மகன் ஜெர்சியில் கறையோடு வந்தான். டர்பன்டைன் போடலாமா?

வேண்டாம் அம்மா. 1981-இல் இந்த விளையாட்டை முதன்முதலில் ஆடியபோது மரங்களையும் மாடுகளையும் குறியிடச் செய்த எண்ணெய்ப் பெயின்ட் குண்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்கு டர்பன்டைன் தேவைப்பட்டது. இன்றைய குண்டுக்குத் தேவையில்லை. உட்புறத்திலிருந்து தண்ணீர் ஓடவிட்டு, துணி சோப்பு தடவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ‘நச்சற்றது’ என்று போட்டிருக்கிறதே, கழுவிய தண்ணீரைப் பக்கத்துக் குளத்தில் விடலாமா? களத்தில் காவலுக்கு ஒரு நாயும் இருக்கிறது.

குளத்தில் விடாதீர்கள். மக்கும் பொருள்தான், ஆனால் மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மீன்கள் திணறும். மணலும் புல்லும் உள்ள இடத்தில் பரவலாக விடுங்கள், ஓடுகளை வலையில் வடிகட்டிவிட்டு.

நாய் விஷயத்தில் தயவுசெய்து கவனம். குண்டு இனிக்கும், நாய்கள் விரும்பித் தின்னும். நிறையத் தின்றால் உள்ளே இருக்கும் கிளைக்காலும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் உடலின் தண்ணீரைக் குடலுக்கு இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் சோடியம் ஏறும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்களே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், குண்டுப் பெட்டியையும் கூடவே எடுத்துப்போங்கள். பெருக்கிய குண்டுகளை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டது நான்தான். நீங்கள் சொன்னபடி மூன்று வகை சோதித்தோம். ஒரு மஞ்சள் பெயின்ட், வினைலில் நான்காம் நாளும் போய்விட்டது, வாடகை உடையில் மட்டும் லேசாக நிற்கிறது. இன்னொன்று உடையில் போகிறது, ப்ளைவுட்டில் நிற்கிறது. எதை எடுப்பது?

முதலாவதை எடுங்கள். உடையை அன்றன்றே இயந்திரத்தில் போடத்தான் போகிறீர்கள், ப்ளைவுட்டை அப்படிப் போட முடியாது. ஒரு பெட்டி மட்டும் வாங்கி, ஒரு சனி ஞாயிறு முழுக்க ஓட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் பங்கர் தையல்களையும் வாசல் பக்கத்து வலையையும் முதலில் பாருங்கள், அங்கேதான் நாம் கழுவ மறப்போம். அங்கும் போயிருந்தால் மீதிப் பெட்டிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.