ஒரு கிணறு, ரெண்டு ரிப்போட்: நைட்ரேட் நாலு மடங்கு கூடினதோ?

யாழ்ப்பாணத்தில ஏழாலையிலயிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ரெண்டரை மாசம், தாய்ப்பால் காணாதோ எண்டு பயந்து இரவில ஒருநேரம் பால்மா குடுக்கினமாம், இடையில மாமியும் கொதிச்சாறின தண்ணிய கரண்டியால பருக்கிறாவாம். கிணத்துத் தண்ணிய ஒரு லாப்பில குடுக்க நைட்ரேட் லீற்றருக்கு 13.5 மில்லிகிராம் எண்டு வந்திருக்கு. ஒரு மாசத்தால, தண்ணியச் சவ்வுக்கால அழுத்தி வடிக்கிற ஆர்ஓ மிசின் விக்க வந்த பெடியன் தானே தண்ணி எடுத்துக்கொண்டு போய் வேற லாப்பில குடுத்து 60 எண்டு ரிப்போட் கொண்டுவந்திருக்கிறான். "மாசம் ஒண்டுக்குள்ள நாலு மடங்கு அண்ணை, இனி ஒரு நாளும் பிந்தக்கூடாது" எண்டு சொல்லி ஒண்டேமுக்கால் லட்சத்துக்கு மிசினும் பேசியிட்டான். வாங்கட்டோ, இல்லாட்டி கொதிக்க வைச்சுக் குடுத்தாக் காணுமோ, இதுதான் தம்பியின்ர கேள்வி.

முதல்ல அந்த நாலு மடங்குப் பயத்தை விடுங்கோ. ஒண்டும் கூடேல்லை. உரிச்ச தேங்காயை நிறுத்தா ஒரு நிறை, மட்டையோட நிறுத்தா வேற நிறை, தேங்காய் ஒண்டுதானே. நைட்ரேட் எண்டுறது ஒரு நைதரசனும் மூண்டு ஒட்சிசனும் சேர்ந்த சாமான். சில லாப்காரர் நைதரசனை மட்டும் கணக்குப் பண்ணி எழுதுவினம், சில பேர் முழுசையும் எழுதுவினம். முதல் கணக்கை 4.43 ஆல பெருக்கினா ரெண்டாவது வரும், 13.5 ஐப் பெருக்கிப் பாருங்கோ, 60 க்குக் கிட்ட வந்து நிக்கும். எந்தக் கணக்கு எண்டு ரிப்போட்டில விளங்கக்கூடியமாதிரி ஒரு வரி போட உவைக்கு மைக்குப் பஞ்சமோ தெரியாது, இருவது வருசமா நானும் சொல்லிக் களைச்சுப்போனன், இண்டைக்கும் என்னட்டக் காட்டுற ரிப்போட்டில பாதி "நைட்ரேட்" எண்ட சொல்லோட நிண்டிடும். சனம் பயப்பிட அதுவே காணும், விக்கிறவனுக்கும் அதுவே முதல்.

கூடேல்லை எண்டாப்போல நல்ல தண்ணி எண்டு நான் சொல்லவரேல்லை. முழு நைட்ரேட் கணக்கில லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை, நைதரசன் கணக்கில அது 11 சொச்சம். உங்கட கிணறு அதைத் தாண்டித்தான் நிக்குது. ஏழாலையும் சேர்ந்த எங்கட வலிகாமப் பக்கத்தில இது புதினமான கதையும் இல்லை, 1980களிலயே எங்கட கிணறுகளை ஆராய்ஞ்சு எழுதி வைச்சிருக்கினம். கீழ முழுக்க வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லு, மேல வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற யூரியா, ரெண்டு பரப்புக் காணிக்குள்ள கிணறும் கக்கூசுக் குழியும். எல்லாம் மழையோட கீழ இறங்கும். குழி அம்பதடி தள்ளித்தானே இருக்கெண்டு ஆறுதல் படுறவை இருக்கினம், மணல் எண்டா அதில ஒரு நியாயம் இருக்கு, இந்தக் கல்லுக்குள்ள வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுதெண்டு ஆர் கண்டது.

இப்ப பிள்ளையின்ர விசயம், இதை வடிவா வாசியுங்கோ. அந்த 50 எண்ட எல்லையே முக்கியமா போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தையளை நினைச்சு வைச்சதுதான். 1945 இல அமெரிக்காவில அயோவா மாநிலத்தில கொம்லி எண்ட டொக்டர், கிணத்துத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்த குழந்தையள் நீலம் பாரிச்சதை எழுதினார். கைக்குழந்தையின்ர வயித்தில புளிப்புக் குறைவு, அதால அங்க கிருமியள் நிண்டு நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கும், அது ரத்தத்தில ஏறினா ரத்தம் காத்தைச் சுமக்காது. சொண்டும் நகமும் நீலமாவோ சாம்பலாவோ மாறினதைக் கண்டா நெற் பாக்காமல், பரியாரியாரையும் தேடாமல் நேர ஆசுபத்திரிக்கு ஓடுங்கோ, மருந்து இருக்கு.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. தாய் இந்தத் தண்ணியக் குடிச்சாலும் பாலுக்குள்ள நைட்ரேட் அந்தளவுக்கு ஏறாது. ஆனா "தாய்ப்பால் மட்டும்" எண்டா மட்டும்தான். எல்லாரும் தாய்ப்பால்தான் குடுக்கிறம் எண்டுவினம், பிறகு கேட்டா இரவில ஒருநேரம் பால்மா, வெக்கைக்கு ரெண்டு கரண்டி தண்ணி, சக்கரைத் தண்ணி கொஞ்சம். அதுக்குப் பேர் "மட்டும்" இல்லை. மாமியிட்ட சண்டை பிடிக்காமச் சொல்லுங்கோ, ஆறு மாசம் மட்டும் தண்ணியே தேவையில்லை, வெக்கை காலத்திலயும் பாலுக்குள்ள இருக்கிற தண்ணி காணும். பால் காணுதோ எண்ட சந்தேகத்தை குடும்பநல உத்தியோகத்தரிட்ட சொல்லி பிள்ளையின்ர நிறையப் பாருங்கோ. நிறை ஏறினா பால்மாவே தேவைப்படாது, தண்ணிப் பிரச்சினையும் அதோட போச்சு.

கொதிக்க வைக்கிற கேள்விக்கு வாறன். கொதிச்சா கிருமி சாகும், நைட்ரேட் சாகாது, ஆவியாயும் போகாது. ரெண்டு லீற்றரை ஒண்டரையா வத்தவிட்டா 60 போய் 80 ஆகும், மாமி கனநேரம் கொதிக்க வைக்கிறதுதான் கூடக் கெடுதல். மெழுகுதிரி மாதிரி இருக்கிற பில்டர், கரிப் பில்டர், யூவி லைற், உப்புப் போடுற சவர்நீக்கி, உதுகளும் உதவாது. பால்மா கரைக்கத்தான் வேணுமெண்டா சுத்தமான கூரையில பிடிச்ச மழைத்தண்ணி, இல்லாட்டி ரிப்போட் பாத்து வாங்கின தண்ணி, அதைக் கொதிக்க வைச்சுக் கரையுங்கோ. குளிக்கத் தோய்க்கக் கிணத்துத் தண்ணி தாராளமாக் காணும், தோலுக்கால நைட்ரேட் உள்ளுக்குப் போகாது.

மிசினைப் பற்றி. ஆர்ஓ நைட்ரேட்டைக் குறைக்கும், அது உண்மை. ஆனா விக்கிறவை காட்டுற கூத்து இருக்கே! ரெண்டு கிளாசில தண்ணி வைச்சு இரும்புக் கம்பியை விட்டுக் கறண்ட் குடுப்பினம், உங்கட கிணத்துத் தண்ணி கறுத்து மண்ணிறமாகிச் சேறு மாதிரி மிதக்கும், அவையின்ர தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், வீட்டில எல்லாரும் வாயைப் பொத்துவினம். அந்தச் சேறு தண்ணிக்குள்ள இருந்ததில்லை தம்பி, கம்பி கரைஞ்ச துரு. உப்புள்ள தண்ணியில கறண்ட் பாயும், இரும்பு கரையும், ஆர்ஓ தண்ணியில உப்பு இல்லாதபடியா பாயாது. அவன்ர கிளாசுக்குள்ளயே அடுப்படியில இருக்கிற உப்பு ஒரு சிட்டிகை போட்டிட்டுத் திருப்பிச் செய்து காட்டடா எண்டு கேளுங்கோ, அவன்ர முழியப் பாருங்கோ. பேனை மாதிரி ஒண்டை விட்டு ரிடிஎஸ் 700, 800 எண்டு காட்டுறதும் இந்த வகைதான், அது மொத்தக் கரைசலைச் சொல்லும், அதில நைட்ரேட் எவ்வளவெண்டு சொல்லாது. எங்கட கேத்திலுக்கு அடியில பிடிக்கிற வெள்ளைப் படை சுண்ணாம்பு, அதைக் காட்டிக் கிட்னி போகுமெண்டு வெருட்டினாலும் பயப்பிடாதேங்கோ.

வாங்கிறதெண்டா குடிக்க, சமைக்கப் போதுமான சின்ன மிசின் காணும், வீடு முழுக்க ஓடுறது காசைத் தின்னும், கழிவுத் தண்ணியும் கனக்கப் போகும். பூட்டி ஒரு கிழமையில மிசினுக்கால வாற தண்ணியக் குடுத்து நைட்ரேட் பாருங்கோ, ஆறு மாசத்தில திருப்பியும் பாருங்கோ, சவ்வு பழுதானா உங்களுக்குத் தெரியவராது. விக்கிறவன் எடுத்துக்கொண்டு போற தண்ணிக்கு ரிப்போட்டும் அவன்தான், நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. சோடாப் போத்தல் வேண்டாம், லாப்பில போத்தல் கேட்டு வாங்குங்கோ, கிருமி பாக்கிறதுக்கு வேற போத்தல்.

நீங்கள் சுன்னாகத்துக்குப் பக்கம் எண்டபடியா, அங்கத்தைய கறண்ட் நிலையத்து ஒயில் கிணறுகளுக்குள்ள இறங்கின பயமும் இருக்கும். நைட்ரேட் ரிப்போட்டில ஒயில் தெரியாது, அதைத் தனியாச் சொல்லிக் கேக்கவேணும். சுன்னாகத்து ஒயில் பிரச்சினைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிச் சொல்லி, 2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் அந்தக் கறண்ட் கொம்பனியை ரெண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்ன பிறகுதான் ஒரு முடிவு வந்தது, சனம் அதுமட்டும் கானோட அலைஞ்சது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி வருது வருது எண்டு காட்டின காலமும் போய் 2024 இல தாளையடியில கடல்தண்ணிச் சுத்திகரிப்பு திறந்தாச்சு, பைப் உங்கட ஒழுங்கைக்கு வரக்கிடையில பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும் போல.

அந்த ரெண்டு ரிப்போட்டையும் எறிஞ்சு போடாதேங்கோ. பின்பக்கத்தில தண்ணி எடுத்த திகதியும் மழைக்கு முன்னமோ பின்னமோ எண்டதும் எழுதி, 13.5 க்குப் பக்கத்தில "நைதரசன் கணக்கு" எண்டு பேனையால போட்டு வையுங்கோ, தையில ஒருக்கா, ஆவணியில ஒருக்கா அதே லாப்பில திருப்பிக் குடுங்கோ.