கேள்வி-பதில்: மீனின் தோலில் புண் ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பிடிபடும் வரிப் பாஸ் மீன்களின் தோலில் புண்கள் வருவது எதனால்? அவற்றைத் தொட்டால் நமக்கும் தொற்றுமா?

பதில்: 1997-ஆம் ஆண்டில் கவனத்துக்கு வந்த இந்நோய்க்குக் காரணம், காசநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த மைகோபாக்டீரியங்கள். முதலில் செதிலோரத்தில் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பிறகு அவை புண்ணாக விரிகின்றன. ஆனால் மீனை அறுத்துப் பார்த்தால் மண்ணீரலிலும் சிறு கட்டிகள் நிறைந்திருப்பதைக் காணலாம் என்பதால், இதைத் தோல்நோய் என்பது பாதி உண்மைதான். இக்கிருமிகளுள் 2003-இல் பெயரிடப்பட்ட மைகோபாக்டீரியம் ஷாட்ஸி, ஆய்வகத்தில் வளர வாரக்கணக்காகும். மனிதரைத் தொற்றுவது பெரும்பாலும் அதன் உறவான மைகோபாக்டீரியம் மாரினம். உடற்சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்த இடமே அதற்கு உகந்தது என்பதால், முள் குத்திய விரலோடும் கையோடும் அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நன்றாக வெந்த மீனில் இக்கிருமிகள் பிழைப்பதில்லை.