வாசகர் கேள்வி பதில்: இணையக் கம்பி யாருடையது?

கேள்வி: அஞ்சலகத்தையும் ரயிலையும் அரசாங்கம் நடத்தும் அழகை நாள்தோறும் பார்க்கிறோம். இணையச் சேவையையாவது முழுமையாகத் தனியாரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் என்ன? டெலிகொம் பங்குகளை விற்காமல் வைத்திருப்பதால் யாருக்கு லாபம்?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தில் பாதியை இந்த நாடு எப்போதோ குடித்துவிட்டது. 1991 வரை தொலைபேசி ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எங்கள் ஒழுங்கையில் தொலைபேசி இருந்த ஒரே வீட்டின் இலக்கத்தைத்தான் அயலிலிருந்த அத்தனை குடும்பங்களும் வெளிநாட்டிலுள்ள தம் பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பியிருந்தன. 1991இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் கூட்டுத்தாபனம் ஸ்ரீ லங்கா டெலிகொம் என்ற கம்பனியாயிற்று. 1997இல் அதன் 35 சதவீதப் பங்குகள், முகாமைத்துவப் பொறுப்போடு, ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்துக்கு 22.5 கோடி அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டன. இதற்கு முந்தைய ஆண்டிலேயே சன்டெல், லங்கா பெல் ஆகிய இரண்டும் கம்பியில்லாமல் வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்கும் உரிமத்தோடு களத்தில் இறங்கியிருந்தன. காத்திருப்போர் வரிசை கரைந்ததற்குப் பங்கு கைமாறியதைவிட, எதிரே இன்னொருவர் கடை விரித்ததே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இப்படிச் சொல்வதற்கு ஓர் ஆதாரமும் இருக்கிறது. பங்குகளை விற்ற பிறகும், வெளிநாட்டு அழைப்புகளின் ஏகபோக உரிமை 2002 வரை அதே கம்பனியிடமே விடப்பட்டிருந்தது. அந்நாள்களில் வெள்ளவத்தைக் காலி வீதியில் இருந்த 'கொமியுனிகேஷன்' கடைகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஒட்டுப்பலகையால் அடைத்த கூண்டுக்குள் நின்று, சுவரில் ஓடும் சிவப்பு எண்களில் கண்ணை வைத்தபடி, டொரொன்டோவிலுள்ள மகனிடம் "சரி ராசா, வைக்கிறன், காசு ஓடுது" என்று பாதிக் கதையில் ரிசீவரை வைத்த தாய்மார் எத்தனை பேர்! தனியார் முகாமைத்துவம் வந்து ஐந்தாண்டுகள் ஆகியும் அந்த எண்கள் ஓடும் வேகம் மட்டுப்படவில்லை. ஏகபோகம் முடிந்து, பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு உரிமம் வழங்கப்பட்ட பின்னரே கட்டணம் சரிந்தது.

ஆகவே தனியாரா அரசா என்பதற்கு முன்னால், போட்டி உண்டா இல்லையா என்று கேட்க வேண்டும். போட்டியோ ஒருமுறை ஏற்றி வைத்தால் தானாக எரியும் விளக்கன்று. 2009இல் ஐந்தாவது கைத்தொலைபேசி நிறுவனம் வந்ததும் கட்டணப் போர் மூண்டு, 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே குறைந்தபட்சக் கட்டணத்தை விதிக்க நேர்ந்தது. இதைவிட விலை குறைத்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் வியாபாரிக்குக் கட்டளையிட்ட விசித்திரத்தை அன்று கண்டோம். பின்னர் 2018இல் எட்டிசலாட் ஹட்ச்சுடனும், 2024இல் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்தன, ஐந்து மூன்றாயிற்று. இதில் எவருடைய சதியும் இல்லை. கோபுரத்துக்கும் அலைக்கற்றைக்கும் கொட்ட வேண்டிய பணம் அவ்வளவு. இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள ஒரு தீவில் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. மூன்று பேர் மட்டும் இருக்கும் சந்தையில் நடுவர் தூங்கினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

டெலிகொம் பங்குகளைப் பொறுத்தவரை, அரசாங்கத்திடம் உள்ள 49.5 சதவீதத்தை விற்பதற்கு நான் எதிரியல்லன். விற்றே தீர வேண்டும் என்ற அவசரமும் எனக்கில்லை. நாடெங்கும் புதைத்த வடங்களையும், கடலடியிலிருந்து கரையேறும் வடங்களையும் போட்டி நிறுவனங்களுக்கும் நியாயமான வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எழுத்தில் வைத்துவிட்டு விற்றால் கேடில்லை. அதை வைக்காமல் விற்பது, அரசாங்க ஏகபோகத்தைத் தனியார் ஏகபோகமாக்கி, அதற்கு விலையும் பேசுவதாகும்.

கேள்வி: வெள்ளவத்தையில் புதிய தொடர்மாடியொன்றில் வசிக்கிறேன். ஒரேயொரு நிறுவனத்தின் ஒளியிழை மட்டுமே மேலே வந்திருக்கிறது. வேறு நிறுவனத்தை அழைத்தால் முகாமைத்துவக் குழு உள்ளே விடுவதில்லை. சுதந்திரச் சந்தை என்பது இதுதானா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மின்மானிகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய இரும்புக் கதவு இருக்கும்; முடிந்தால் அதைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து மேல்மாடி வரை செல்லும் குழாய் ஒன்றுதான். கட்டும்போதே ஒரு நிறுவனம் வந்து தன் செலவில் கம்பியிழுத்துக் கொடுத்திருக்கும். கட்டியவருக்கு அந்தச் செலவு மிச்சம், நிறுவனத்துக்கு அத்தனை வீடுகளும் நிச்சயம். சாளரத்தால் எட்டிப் பார்த்தால் ஒழுங்கைக் கம்பத்தில் மூன்று நான்கு நிறுவனங்களின் கரிய கம்பிகள் காகக்கூடு போலச் சுருண்டு தொங்கும். வீதியில் தேவைக்கு மிஞ்சிய போட்டி, வாசலுக்குள் போட்டியே இல்லை.

சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோம் இதற்கு ஒரு வழி கண்டது. 1994இல் 'ஸ்டோகப்' என்ற நிறுவனத்தை நகரசபையே தொடங்கி, நகரமெங்கும் ஒளியிழையைப் புதைத்தது. அந்த நிறுவனம் இணையச் சேவையை விற்பதில்லை. வெறும் இழையைக் கேட்பவர் எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. அதன்மேல் சேவை விற்பவர்கள் தனியார். வீதி பொது, அதில் ஓடும் பஸ் யாருடையதாகவும் இருக்கலாம் என்ற ஏற்பாடு அது. கொழும்பு மாநகரசபையிடம் அத்தனை பெரிதாக எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் கட்டட அனுமதி கொடுக்கும்போது, இணையக் குழாய் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குப் பணமும் தேவையில்லை, பொறியியலும் தேவையில்லை. இப்போதைக்கு உங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் அந்தக் குழாய் பொதுச் சொத்தா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் தங்கை ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறியதைச் சொல்லிச் சொல்லி வருந்துவாள். அங்கெல்லாம் அரசாங்கமே இலவசமாக இணையம் கொடுத்தால் என்ன?
— ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: கொடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை, எதைக் கொடுப்பது என்பதில்தான் நாம் பலமுறை தடுமாறியிருக்கிறோம். 2015இல் கூகுளின் பலூன்கள் வானிலிருந்து நாடு முழுவதற்கும் இணையம் பொழியும் என்று ஒப்பந்தம் செய்தோம். 2016இல் சோதனைக்கு வந்த பலூனொன்று கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்திறங்கியது. தோட்டத்துக்கு அந்தத் திட்டத்தால் வந்துசேர்ந்தது அவ்வளவுதான். 2021இல் அத்திட்டத்தையே தாய் நிறுவனம் மூடிவிட்டது. இப்போது ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை வந்திருக்கிறது. 2024இல் உரிமம் பெற்று, 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. மலையிலும் காட்டிலும் அது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் நாட்கூலிக் குடும்பமொன்று அதற்கான அலைவாங்கித் தட்டை வாங்கித் தோட்டத்து லயன் வீட்டுக் கூரையில் பொருத்தும் என்று எவரும் நம்ப மாட்டார்கள்.

மாறாக, 'நெனசல' நிலையங்கள் பேச்சோடு நில்லாமல் ஊருக்குள் போயின. கோயிலிலும் நூலகத்திலும் கணினி வைத்து ஊரவருக்குப் பழக்கிய அத்திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. அது கைத்தொலைபேசி பரவாத காலத்துக்குத் தைத்த சட்டை. இன்று அளவு பொருந்தாது. கேரளத்தைப் பாருங்கள். மாநில அரசு மின்சார சபையின் கம்பங்கள் வழியாகவே தன் ஒளியிழையைக் கொண்டுசென்று, 2023 ஜூனில் 'கே-ஃபோன்' வலையமைப்பைத் திறந்தது. வறிய குடும்பங்கள் 20 இலட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. இலக்கை எட்டுவதில் தாமதமும் விமர்சனமும் உண்டு. எனினும் கம்பம் என்ற யோசனை நமக்கும் பொருந்தும், ஏனெனில் தோட்ட லயன்களுக்கு மின்கம்பி ஏற்கனவே போயிருக்கிறது. பாடசாலை வரைக்கும் இழையை அரசாங்கம் தன் செலவில் கொண்டுபோகட்டும். அதற்கப்பால் மாதக் கட்டணத்துக்குச் சேவை விற்பதை நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும்; முதல் செலவு தம் தலையில் விழாவிட்டால் அவை தயங்க மாட்டா.

கேள்வி: கம்பி அரசாங்கத்தின் கையில் இருந்தால், நினைத்த நேரத்தில் துண்டித்துவிடாதா?
— ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அதிகாலையை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது, அரசாங்கப் பங்குள்ள நிறுவனத்தின் சிம் போட்டவருக்கும் முழுத் தனியார் நிறுவனத்தின் சிம் போட்டவருக்கும் திரை ஒன்றுபோலவே உறைந்தது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் நிலைமை அதுவே. 2022 ஏப்ரல் தடை அன்று பிற்பகலிலேயே நீங்கியது. நாட்டிலுள்ள நிறுவனங்கள் எல்லாமே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்ற ஒன்றின் உரிமத்தில்தான் இயங்குகின்றன. கம்பியை எவருக்கு விற்றாலும் அந்த உரிமம் அங்கேயே இருக்கும். முடக்குவதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்று சட்டம் திருத்தச் சொல்லி உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் என்ன பதில் தந்தார் என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறோம்.