விரல் வீக்கத்துக்கு முதுகில் ஏன் எக்ஸ்ரே?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 5 வயதிலிருந்தே விரல் மூட்டுகள் புடைத்திருக்கின்றன. இப்போது நடையும் தாங்கித் தாங்கித்தான். முடக்குவாதம் என்று 2 வருடமாக மாத்திரை தருகிறோம், குறையவில்லை. புதிதாகப் பார்த்த டாக்டர் கை, இடுப்பு, முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எழுதிவிட்டார். நான் தாய்மாமனைக் கட்டியவள். அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். விரலுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் டாக்டரம்மா?
- பெயர் வேண்டாம், தேனி

பதில்: பாப்பாவின் விரல் மூட்டைத் தொட்டுப் பாருங்கம்மா. வாதமென்றால் வீக்கம் மெத்தென்று, கொஞ்சம் சூடாக இருக்கும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு பெரும்பாலும் ஏறியிருக்கும். கல் மாதிரி கெட்டியாக இருந்து, ஈ.எஸ்.ஆரும் சரியாக இருந்தால், பருத்திருப்பது எலும்பின் முனையேதான். வாதம் போலவே வேஷம் போடும் பரம்பரைக் குருத்தெலும்பு நோய் ஒன்று உண்டு. 'சூடோருமட்டாய்டு டிஸ்பிளேசியா' என்போம். பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் தலைகாட்டும். உங்கள் டாக்டரின் சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும்.

நாள்பட்ட வாதம் எலும்பின் ஓரத்தை அரிக்கும். இந்த நோயில் அரிப்பு இருக்காது, முனைகள் அகன்று தெரியும். கைப்படத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பையனின் கைப்படத்தைப் பார்த்து 'அரிப்பு இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். 3 வருடம் கழித்து இடுப்புவலியோடு வந்தபோதுதான் முதுகைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். முள்ளெலும்புகள் மேலும் கீழும் அமுக்கியதுபோல் தட்டையாக, முன்விளிம்பு கோணலாக இருந்தன. விரல் வாதம் முதுகை இப்படி மாற்றாது. அந்த 3 வருடம் அவன் வீணாகச் சாப்பிட்ட வாத மாத்திரை இன்றும் என்னை உறுத்துகிறது.

கல்யாண விஷயம் கேட்டது குறை சொல்ல அல்ல. சி.சி.என்.6 என்ற மரபணுவின் பழுதான பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு அதிகம். உறுதியானால், அடுத்தடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் முதலில் மரபணுப் பரிசோதனை.

இதைக் குணமாக்க மருந்து இல்லை. வலிக்கு மாத்திரையும் பிசியோதெரபியும்தான், வளர்ந்த பிறகு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டி வரலாம். வாத மாத்திரைகள் தேவைப்படாமல் போகலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டு இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கதிர்வீச்சுப் பயம் வேண்டாம், இந்த நாலைந்து படங்களில் அளவு குறைவுதான். பரணில் பழைய ஃபிலிம்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். ஜன்னலில் வைத்து செல்போனில் எடுத்த படம் மட்டும் வேண்டாம், அதில் உங்கள் ஜன்னல் கம்பிதான் தெரியும்!