வரையத் தெரியாதவர்கள் குழு ஓவிய நாளுக்குப் போகலாமா?

கேள்வி: நகரத்தின் பழைய தெருக்களில் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி வரைகிறார்களே, அங்கே வரையத் தெரியாத ஒருவர் போனால் அவமானமாக இருக்காதா? அங்கே என்னதான் நடக்கிறது?

தாராளமாகப் போகலாம். நான் முதன்முதலில் போனபோது, ஒரு நாற்காலியின் நான்கு காலும் தரையில் படும்படி வரைய எனக்கு வராது. இன்றும் அது பாதி அதிர்ஷ்டம்தான். அவமானம் வரத்தான் செய்யும், ஆனால் நீங்கள் பயப்படும் பக்கத்திலிருந்து வராது.

எங்கள் இடம் மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். அன்று எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து காலைப் படகைப் பிடித்து, எட்டரை மணிக்குக் குயின் தெருவுக்கு வந்துவிட்டேன். அங்குள்ள மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. கோபுரம் கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக வரையப் புகுந்தால் மத்தியானம்வரை இரண்டாம் நிலையைத் தாண்ட முடியாது. பழகியவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் விழும் இடங்களை மட்டும் தீற்றிவிட்டு, கீழே செருப்பு விடுகிற இடத்தைத்தான் ஆசையாக வரைகிறார்கள்.

யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. கூடும் இடம், நேரம், திரும்பி வரவேண்டிய நேரம், இவ்வளவுதான் ஏற்பாடு.

நான் கோபுரத்துக்குப் பயந்து, ஒரு பூக்கடைக்கு எதிரே அஞ்சடியில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் வராதவர்களுக்காக: பழைய கடைவீடுகளின் மேல்மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் ஏறக்குறைய ஐந்தடி அகலத்துக்கு ஓடும் நடைபாதைதான் அஞ்சடி. வெயிலும் மழையும் படாது. தூண்கள் தள்ளிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, தொலைவைத் தாளில் கொண்டுவருவது எப்படி என்று தானாகவே கொஞ்சம் பிடிபடும்.

முதல் தாளைக் கெடுத்தது என் பேனா. அலுவலகத்தில் எழுதும் சாதாரண மைப் பேனாவால் கோடு போட்டு, அதன்மேல் தண்ணீர்வண்ணத்தைத் தடவினேன். கடை முழுவதும் நீலமாகக் கரைந்து சாக்கடைக்குள் போய்விட்டது. தண்ணீரில் கரையாத மை என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் தாள்தான் நான் சொல்ல வந்தது. கடையின் பலகையில் 'பூமாலை' என்று தமிழில் பெரிதாக இருந்தது. ஓவியம் சரியில்லாவிட்டாலும் எழுத்தாவது சரியாக இருக்கட்டும் என்று அதை அழுத்தி எழுதினேன். என் பக்கத்தில் ஒரு சீனப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், அதே கடையை வரைந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. கடைக்காரப் பெரியவர் வெளியே வந்து இரண்டு தாளையும் பார்த்தார். "அந்த அம்மா என் பலகையை வரைந்திருக்கிறார். நீ உன் பள்ளிக்கூடத்து எழுத்தை எழுதியிருக்கிறாய்" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் இருந்தது பழைய 'லை': முன்னால் தனியாக ஐகாரக் குறி நிற்காமல், எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை தூக்கினாற்போல் மேலே சுழிந்த எழுத்து. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு மலேசியப் பள்ளிகளுக்கும் வந்துசேர்ந்ததே, அதற்கு முந்திய வடிவம். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தும், படிக்கத் தெரிந்த தோஷத்தால் நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவுக்கு அது ஒரு வளைவு, ஒரு சுழி, அவ்வளவுதான். இருந்தது இருந்தபடி வந்துவிட்டது. பலகை தன் அப்பா காலத்தது என்றார் பெரியவர். அந்த அம்மா அவரிடம் மலாயில் விலை கேட்டு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டார். நானும் வாங்கினேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

பதினொன்றரைக்கு எல்லோரும் கூடி நோட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். மதிப்பெண் கிடையாது, பாராட்டும் அளவாகத்தான். ஒருவர் வரைந்திருந்தது பூட்டிய கதவுகளை மட்டும். ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு போய்விட்டது. வாடகை ஏறியதும் பழைய குடித்தனக்காரர்களும் சிறு தொழில்காரர்களும் பலர் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. தெரு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாய் பின்னுபவரை வரைய வேண்டுமென்றால் தேட வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால்: மடக்கு முக்காலி ஒன்று, உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக்குச் சின்ன நோட்டு (பெரியது வாங்கினால் நிரப்ப முடியாமல் தவிப்பீர்கள்), தண்ணீர், ஒரு பழைய துணி. காற்றில் ஈரம் அதிகம், வண்ணம் காய நேரமாகும். மூடி வைத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கடை வாசலில் உட்காரும்முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.