பிலிம் ரோல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 36 படம் எடுத்த ரோலை லேபில் கொடுத்தேன். ஒரு படம்கூட விழவில்லை. கழுவியவர்கள் கெடுத்துவிட்டார்களா?
– மதுரை வாசகர்

பதில்: நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் கட்ட எண்களும் பளிச்சென்று தெரிந்தால் லேப் மேல் பழி இல்லை. அவை ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. கழுவும் ரசாயனமான டெவலப்பர் சரியாக வேலை செய்தால்தான் தெரியும். ஷட்டர் திறக்காமலும் இப்படி ஆகலாம். ஆனால் பெரும்பாலும் பிலிம் நகர்ந்தே இருக்காது. பிலிமின் முன்நுனியான லீடர், அதைச் சுற்றி இழுக்கும் ஸ்பூலிலிருந்து நழுவியிருக்கும். படங்களை எண்ணும் கவுண்டர் மட்டும் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை நிழலில் நின்று ரோலைப் போடுங்கள். லீடர் நுனியை ஸ்பூலின் வெட்டில் செருகி, பிலிமை நகர்த்தும் லீவரை ஒருமுறை இழுங்கள். இரு ஓரத் துளைகளும் பற்களில் உட்கார்ந்த பிறகே மூடியைச் சாத்துங்கள். பிறகு பிலிமை டப்பாவுக்குள் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெல்லச் சுற்றி, லேசாகத் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் கைப்பிடி எதிர்த்திசையில் சுழல வேண்டும். கவுண்டரை நம்பாதீர்கள், இதை நம்புங்கள். சுழலாவிட்டால் மூடியைத் திறந்து மறுபடி போடுங்கள். முதல் ஓரிரு கட்டம் போனால் போகட்டும்.

கேள்வி: 36 தாண்டியதும் லீவர் இறுகிவிட்டது. இன்னும் ஒரு படம் கிடைக்குமே என்று இழுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: கூடாது. துளைகள் கிழியும், பிலிம் டப்பாவின் அச்சிலிருந்தே பிய்ந்தும் வரலாம். பிய்ந்துவிட்டால் வெளிச்சத்தில் மூடியைத் திறக்காமல், சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாத, கைவிட்டு வேலை செய்யும் பை) வைத்திருக்கும் லேபுக்குக் கேமராவோடு கொண்டுபோங்கள்.

இறுகிய உடனே கேமராவின் அடியிலுள்ள ரீவைண்ட் பொத்தானை அழுத்தி, ரீவைண்ட் கைப்பிடியை நிதானமாகச் சுற்றுங்கள். வறண்ட காற்றில் வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரப் பொறி பறந்து, படத்தில் மின்னல் கிளை போன்ற கோடுகள் விழும். லீடர் கழன்றதும் கைக்கு இழுவை குறைவது தெரியும். இன்னும் சில சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே அனுப்பிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று மறுபடி போட்டு, படத்தின் மேல் படம் எடுக்கிறார்கள்.

கேள்வி: பிலிம் ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
– சென்னை வாசகர்

பதில்: தாராளமாக. பிரிக்காத டப்பாவாகவே இருக்கட்டும். முக்கியம் வெளியே எடுக்கும்போதுதான். குளிர்ந்த பிலிமை உடனே பிரித்தால் சென்னையின் ஈரக்காற்று அதன்மேல் வியர்த்துவிடும். 35 மி.மீ. ரோலை மூடியபடியே ஒன்றரை மணி நேரம் வெளியே வையுங்கள். ஃப்ரீசர் என்றால் இன்னும் அதிகம். எடுத்து முடித்த ரோலைச் சீக்கிரம் கழுவக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்த ரோலையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: விமானத்தில் ரோல்களை எந்தப் பையில் வைப்பது?
– திருச்சி வாசகர்

பதில்: கைப்பையில்தான். செக்-இன் பெட்டிகளைச் சோதிக்கும் கருவியின் கதிர் பிலிமைப் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும். கைப்பைக்கும் இப்போது சில நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அது குறைந்த ஐ.எஸ்.ஓ. (ஒளி உணரும் திறனின் எண்) பிலிமையும் விடாது. ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியே வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.