பிசியோவா, ஆக்குபேஷனல் தெரபியா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. பத்தொன்பது வருடமாக மருத்துவமனையிலும் வீடுகளுக்குப் போயும் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பக்கவாதம் வந்தவர்களே அதிகம். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் பிசியோ, ஓ.டி. இரண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் வந்து கையைத்தான் மடக்கி நீட்டுகிறார்கள். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு பேர்?

உங்கள் சந்தேகம் நியாயமானது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது உடலின் அசைவை. தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, உட்கார்ந்தால் சாயாமல் இருக்க முடிகிறதா, எழுந்து நாலு அடி வைக்க முடிகிறதா என்பதெல்லாம் அவர் கணக்கு. நான் மறுமுனையிலிருந்து வருவேன். காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை அம்மா என்னென்ன செய்வார், அதில் இப்போது எதெல்லாம் நின்றுபோயிருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாட்டிக்கு உங்கள் அம்மாவைப் போலவே வலது பக்கம் வராமல் போனது. பிசியோ நன்றாகப் பார்த்து, பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் பாட்டி சாப்பிட மறுத்தார். வீட்டில் எல்லோரும் பசி இல்லை என்று நினைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: மருமகள் முன்னால் இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. ஊட்டிவிடுவதும் பிடிக்கவில்லை. அப்புறம் வலது உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, அதில் கரண்டியைச் செருகினோம். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தோம். சோறு வெளியே தள்ளாமல் இருக்க விளிம்பு உயர்ந்த தட்டு வைத்தோம். ரசம் சாதத்தை விட்டுவிட்டுக் கெட்டியான தயிர் சாதத்தில் ஆரம்பித்தோம், கரண்டியில் ஒட்டி நிற்கும் என்பதால். முதல் நாள் நாலு வாய்தான் போனது. ஆனால் அந்த நாலும் அவர் கையால் போனது.

அந்தக் கை வாய்வரை எட்டுவதற்குத் தோளிலும் முழங்கையிலும் அசைவைக் கொண்டுவந்தது பிசியோ. அந்த அசைவைச் சாப்பாடாக மாற்றுவது எங்கள் வேலை. எல்லை கோடு போட்ட மாதிரி இருக்காது. கை விஷயத்தில் இரண்டு பேரும் ஒருவர் வேலைக்குள் இன்னொருவர் வருவோம். ஆனால் ஓ.டி. வந்து பல நாள் ஆகியும் குளியல், உடை, சாப்பாடு பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால், நீங்களே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: ஓ.டி. என்று எழுதியதைப் பார்த்து ஆபரேஷன் தியேட்டர் என்று பயந்துவிட்டோம்.

நிறையப் பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் முழுப் பெயரையும் எழுதுங்கள் என்று நான் டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சில இடங்களில் பலகை இருக்கும். அதைப் பார்த்து, "அப்பா ரிடையர் ஆகிவிட்டார், அவருக்கு எதற்குத் தொழில்?" என்று கேட்கிறார்கள். இங்கே தொழில் என்றால் சம்பளத்துக்குப் போகிற வேலை மட்டும் இல்லை. பல் தேய்ப்பது, வேட்டி கட்டுவது, கோலம் போடுவது, குழந்தைக்கு விளையாட்டு, எல்லாமே அதில் அடங்கும்.

கேள்வி: கை தூக்க வரட்டும் என்று அப்பாவுக்கு ஜன்னலில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்க விடுகிறோம். ஸ்பாஞ்ச் பந்தும் கொடுத்திருக்கிறோம். சரிதானே?

பக்கவாதக் கை என்றால் கப்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். தோளைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும்போது நல்ல கையால் இழுத்து மேலே தூக்கினால் தோள் மூட்டு அடிபட்டு வலி வரும். வலி வந்துவிட்டால் அப்பா யாரையும் அந்தக் கையைத் தொட விடமாட்டார், மாதக்கணக்கில் சிகிச்சை நின்றுபோகும். அதே காரணத்துக்காகத்தான், எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும்.

பந்து விஷயத்தில் என் கருத்து: விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்குகிற கைக்குப் பந்து வேண்டாம். மூடுவது அதற்குத் தானாகவே வருகிறது, திறப்பதுதான் வரவில்லை. டம்ளரைப் பிடித்து, நகர்த்தி, விடுவதைப் பழக்குங்கள். அந்த 'விடுவது'தான் கஷ்டம், நேரத்தை அதில் செலவழியுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு இடது பக்கம் பக்கவாதம். பிசியோவில் கைகால் பலம் நன்றாகவே திரும்பிவிட்டது. ஆனாலும் இடது தோளை நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார். இலையில் பாதியை அப்படியே விட்டுவிடுகிறார். கண் டாக்டர் கண் சரியாக இருக்கிறது என்கிறார்.

எந்தப் பாதி என்று பார்த்தீர்களா? இடது பக்கம் வைத்த உப்பு, ஊறுகாய், இனிப்பைத் தொடாமல், வலது பக்கப் பொரியலையும் கூட்டையும் மட்டும் சாப்பிட்டிருந்தால், இது பெரும்பாலும் மூளையின் வலது பாதி அடிபட்டதால் வருவது. கண் பார்க்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கில் எடுப்பதில்லை. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, தயவுசெய்து திட்டாதீர்கள்.

இது முழுக்க எங்கள் பக்கத்து வேலை. செய்தித்தாளின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகே ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்வோம். சாப்பிட்டு முடித்ததும் இலையை அரை வட்டம் திருப்பிக் காட்டுங்கள், விட்டுப்போனதை அவரே பார்த்து ஆச்சரியப்படுவார். இது சரியாகும்வரை வண்டி ஓட்டவே கூடாது. கைகால் பலம் வந்துவிட்டதே என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு ஓ.டி. தேவையா?

முக்கியமாகப் பிசியோதான். ஆபரேஷனுக்கு முன்பே குளியலறையைப் பார்த்து, கக்கூஸ் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டில் உயரம் இவற்றைச் சரிசெய்ய ஒருமுறை ஓ.டி.யைக் கேட்டால் போதும்.

கேள்வி: பிசியோ என்றால் கரண்ட் வைப்பதுதானே? எங்கள் ஊரில் பத்து நிமிடம் மெஷின் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

மெஷின் வலியைக் கொஞ்சம் தணிக்க உதவலாம். பிசியோதெரபியின் உயிர் உடற்பயிற்சியில் இருக்கிறது. உங்களைச் சோதித்துப் பார்த்து, உங்களுக்கென்று பயிற்சி சொல்லி, அடுத்த முறை அதைச் செய்து காட்டச் சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங்கில் இருக்கிறேன். மெஷினில் பட்டு விரல் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஒரு கட்டுப் போட்டுக் கைக்குத் தெரபி என்கிறார்கள். எப்போது வேலைக்குப் போகலாம்?

நாம் நரம்பு என்று சொன்னாலும் விரலை மடக்குவது தசைநாண், கயிறு மாதிரி. உள்ளங்கைப் பக்கம் அறுந்ததை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பிளாஸ்டிக்கை வெந்நீரில் போட்டால் இளகும். அதை உங்கள் கையின் மேலேயே படியவைத்து அளவெடுக்கிறோம், அதனால் அடுத்தவர் கட்டு உங்களுக்குப் பொருந்தாது. சுமார் 6 வாரம் அது இருக்கும். அதற்குள் நாங்கள் சொல்லித்தந்த அளவுக்கு மட்டும் விரலை அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் தசைநாண் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அதிகமாக இழுத்தால் தையல் அறுந்துவிடும். பளுவான பிடிப்புக்கு 12 வாரமாவது ஆகும், கடைசி முடிவு உங்கள் சர்ஜனுடையது. "நன்றாக இருக்கிறதே" என்று நாலாவது வாரம் பக்கெட் தூக்கி மறுபடி ஆபரேஷனுக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் எழுதவே மாட்டேன் என்கிறான். கை வலிக்கிறதாம்.

முதலில் கண் பரிசோதனை. அப்புறம் அவன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள். விரலில் பலம் வர எழுதச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை ஆயட்டும், வேர்க்கடலை உரிக்கட்டும், துண்டுச் சாக்பீஸால் சுவரில் மாட்டிய பலகையில் வரையட்டும். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் குழந்தைகளைப் பார்க்கும் ஓ.டி.யிடம் போங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.பி.டி.யா, பி.ஓ.டி.யா?

பி.பி.டி. பிசியோதெரபி பட்டம், பி.ஓ.டி. ஆக்குபேஷனல் தெரபி பட்டம். இரண்டுமே நான்கு வருடப் படிப்பு, அதன் பிறகு மருத்துவமனைப் பயிற்சிக் காலம். துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன. பிசியோவுக்குக் கல்லூரிகளும் வேலைகளும் அதிகம், சொந்தமாகக் கிளினிக் வைப்பதும் எளிது. எங்கள் ஆட்கள் குறைவு. இந்தியாவில் இந்தப் படிப்பை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார், இன்னும் பல மாவட்டங்களில் ஓ.டி. கிடைப்பது சிரமம். குழந்தைகளிடமும் மனநலத்திலும் ஈடுபாடு இருந்தால் பி.ஓ.டி. எடுக்கட்டும். சேர்வதற்கு முன் இரண்டு துறையிலும் ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களால் ஒருவருக்குத்தான் பணம் கொடுக்க முடியும். யாரைக் கூப்பிடுவது?

இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்தது. படுக்கையில் புரள, உட்கார, நிற்க முடியாத கட்டத்தில் பிசியோவைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து பழகிய பிறகு, பிசியோவின் வருகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஓ.டி.யை வரச் சொல்லுங்கள். எங்கள் வேலையில் பாதி வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் என்பதால் அது போதும். சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது மாதிரி விஷயங்களை ஒரு மணி நேரத்தில் பழக்கிவிடலாம். அரசு மருத்துவமனையையும் விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

ஓ.டி. வரும் நாளில் வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்காதீர்கள். மிதியடி, ஈரமான குளியலறை, வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் குடம் எல்லாம் தினமும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.